தாங்குத்தும் பதின்மூன்றாம் மாதமும்

எங்கள் வளவில் கேள்வி கேட்டே பிழைப்பு நடத்தியவள் தாங்குத் ஒருத்திதான். அவள் போலீஸ்காரியும் இல்லை, வாத்தியாரம்மாவும் இல்லை. எங்கள் ஊரான பஹிர் தாரின் படகுத்துறை ஆபீஸில், ஏரியைப் பார்த்த சன்னலோரம் உட்கார்ந்து கணினியிடம் கேட்பாள். எந்தப் படகு எவ்வளவு டீசல் குடித்தது, எந்தத் தீவுக்குப் போன வாரம் கூட்டம் அதிகம், யாருக்கெல்லாம் விடுப்பு மிச்சம் இருக்கிறது. கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பதிலை வரிசை வரிசையாகப் பரப்பும். அவள் விசைகளைத் தட்டும் சத்தம் நின்றுபோனால், கரையில் நிற்கும் கூழைக்கடாக்கள் என்னவோ ஏதோ என்று கழுத்தை நீட்டிச் சன்னலுக்குள் பார்க்கும். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது என்று நான் சொன்னதை மட்டும் ஊரில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. இள வயதில் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களிடமும் இவள் கேள்வி கேட்டாளாம். பதில் வருவதற்குள் அவர்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அண்ணன் மெசெலெயின் வீட்டில் பின்னறை அவளுக்கு. காலையில் வெள்ளை நெத்தெலாச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏரிக் கரையோடு நடந்து ஆபீஸுக்குப் போவாள். அந்த நேரத்தில் ஏரி இன்னும் எழுந்திருக்காது. பனி அதன்மேல் போர்வை மாதிரி கிடக்கும். அதற்கடியிலிருந்து யாராவது நாணல் படகில் வெளியே வந்தால், கனவிலிருந்து கழன்று விழுந்தவன் போலத்தான் இருக்கும்.

கணினியிடம் கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும், அதிலும் தேதியைப் பற்றிக் கேட்பதற்கு ரொம்பவே வேண்டும் என்று தாங்குத் சொல்வாள். தேதியை நடுவில் சாய்கோடு போட்டுச் சும்மா எழுதிவிட்டால் அந்த இயந்திரம் அதைக் கணக்கு என்று நினைத்துக்கொள்ளும். நாளை மாதத்தால் வகுக்கும், வந்ததை வருடத்தால் வகுக்கும், கடைசியில் கொசுவின் இமையளவு ஒரு பின்னத்தைக் கொண்டுவந்து நீட்டும். ஆகவே தேதிக்கு முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட வேலிக் குறி ஒன்றை வைத்து, ஆட்டை அடைப்பது போல அடைக்க வேண்டும். வேலிக்குள் போனதும் இன்னொரு சட்டம். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. நாம் வெளியில் எழுதுவதற்கு நேர் தலைகீழ். இது தெரியாத ஆரம்ப நாட்களில் அவள் கொடுத்த விடுப்புப் பட்டியலை நம்பி ஓட்டிகள் எல்லோரும் வீட்டில் இருந்துவிட, ஒரு காலையில் படகு மட்டும் துறையில் நின்றது, ஓட்ட ஒருவரும் இல்லை. பயணிகள் படகில் ஏறி உட்கார்ந்து, காப்பி போட்டுக் குடித்து, ஊர்க்கதை பேசி, போய்வந்த திருப்தியோடு இறங்கிப் போனார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அந்த இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக்காரர் நாட்காட்டி. நம்முடையதில் பன்னிரண்டு மாதமும் முப்பது முப்பது நாள். அதன் வாலில் பாகுமே என்று ஐந்தாறு நாட்களே உள்ள பதின்மூன்றாவது மாதம். தாங்குத் பிறந்தது இரண்டாம் மாதமான திக்கிம்த்தின் முப்பதாம் நாள். ஆபீஸ் ஆட்களின் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் முதன்முதலில் ஏற்றியபோது தன் பெயரை அடித்துவிட்டுத் தேதியை அடித்தாள். இரண்டாம் மாதத்துக்கு முப்பதாவது நாளே கிடையாது என்று இயந்திரம் மறுத்துவிட்டது. திரும்ப அடித்தாள். திரும்ப மறுத்தது. இருபத்தெட்டு என்று போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, இஞ்சேரா அப்பத்தைத் தொடாமல் படுத்தாள். தன் பிறந்த நாளைத் தானே பொய்யாக எழுதிவிட்டோம் என்ற வருத்தம். மெசெலெயின் மனைவி அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அன்றிலிருந்து இயந்திரம் எந்தெந்தத் தேதியை மறுக்கிறது என்று தாங்குத் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

இனி யித்பாரெக்கைச் சொல்ல வேண்டும்.

ஏரியின் வடகரையில் இருக்கும் கொர்கொராவுக்கு வாரம் ஒருமுறை போய்த் திரும்பும் பெரிய படகுக்கு அவர்தான் ஓட்டி. உயரமான மனிதர். மனைவி போய்ச் சேர்ந்து பல காலம்; பிள்ளைகள் இல்லை. ஊர் கொர்கொரா. அவர் படகின் ஊதல் கேட்டால் நீர்யானைகள் எழுந்து நின்று வழிவிடும் என்பது என் கட்சி. ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் ஆபீஸுக்கு வந்து, கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், செலவான டீசல் இவற்றைச் சொல்ல வேண்டும். தாங்குத் அதை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் அதோடு நிறுத்துவதில்லை. டெக் தீவுக்குப் பக்கத்தில் தண்ணீர் பேசாமல் இருந்தது என்பார். இரண்டு மேகங்கள் நம் படகோடு கூடவே வந்தன, டிக்கெட் வாங்கவில்லை என்பார். நாணல் படகுக்காரன் ஒருவன் தூங்கிக்கொண்டே துடுப்புப் போட்டான், எழுப்பினால் வழி தவறிவிடுவான் என்று விட்டுவிட்டேன் என்பார்.

இதை எல்லாம் எந்தக் கட்டத்தில் ஏற்றுவது? தாங்குத் அட்டவணையின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று புதிதாக ஒரு கட்டம் திறந்தாள். வருடக்கணக்கில் அதில் ஏரி நிரம்பியது. ஆபீஸில் வேலை ஓய்ந்த பிற்பகல்களில், ஏரி பேசாமல் இருந்த நாட்களை மட்டும் காட்டு என்று அவள் கணினியைக் கேட்பாள். அது காட்டும். சன்னலுக்கு வெளியே ஒரு ஏரியும் திரைக்குள் ஒரு ஏரியுமாக நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மேசை செனாய்த் வாயாடி, தாங்குத்தைவிட ரொம்பச் சின்னவள். “எத்தியே, டீசல் கணக்குப் பாக்கறீங்களா, இல்ல காஷே யித்பாரெக்கைப் பாக்கறீங்களா?” என்று சீண்டுவாள். மூத்த பெண்ணை எத்தியே என்றும் மூத்த ஆணைக் காஷே என்றும் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே மானத்தை வாங்குவதில் எங்கள் ஊர்ப் பெண்களை மிஞ்ச முடியாது. தாங்குத் அடுத்த டீசல் கணக்கைத் திறப்பாள். அவரும் இவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள் என்பது துறையில் கட்டியிருக்கும் கயிற்றுக்குக்கூடத் தெரியும். வாய் திறந்து சொல்லாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த வருடம் திக்கிம்த் மாதம் தொடங்கியதும், மேலாளர் அத்தோ அயெனெவ் வழக்கம்போல ஒரு பட்டியல் கேட்டார். வருகிற மாதங்களில் அறுபது வயது நிறைந்து ஓய்வு பெறுகிறவர்கள் யார் யார். தாங்குத் கேள்வியை எழுதினாள். தேதியை வேலிக்குள் அடைத்தாள், மாதத்தை முன்னால் வைத்தாள். பதில் வந்தது. முதல் பெயரே யித்பாரெக். ஹிதார் பதின்மூன்று. ஹிதார் என்றால் அடுத்த மாதம்.

ஓய்வு பெற்றால் ஆபீஸ் கொடுத்த கரையோர அறையை அவர் காலி செய்தாக வேண்டும். கொர்கொராவுக்குப் போய்த் தம்பி வீட்டில் இருப்பார். இந்தப் பக்கம் வர அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. தாங்குத் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு பட்டியலை அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். யித்பாரெக் தன் ஓய்வுக் கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைய குறிப்பில், கரை தூரத்திலிருந்து சின்னதாகத் தெரிந்தது என்று மட்டும் எழுதச் சொன்னார்.

தாங்குத்தின் மனசில் எங்கேயோ ஒரு முள். பட்டியல் தப்பு என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்றால் சொல்லத் தெரியவில்லை. கேள்வியைப் பிரித்து மறுபடி எழுதினாள். அதே பதில். வேறு விதமாகக் கேட்டாள். அதே பதில். மேலாளரிடம் போய், பட்டியலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்றாள். அத்தோ அயெனெவ் கெட்டவர் இல்லை. பல் குத்திக்கொண்டே சிரிக்கிற ரகம்.

“கேள்வி நீங்க எழுதினது. பதில் புடிக்கலைன்னதும் கம்ப்யூட்டர்மேல கோவப்பட்டா எப்படி, தாங்குத்?”

“கோவம் இல்லீங்க. சந்தேகம்.”

“யாருக்கு சந்தேகம்? அவருக்கே இல்ல. கடுதாசியக் கையில வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. உங்க சந்தேகத்துக்கு ஒரு காரணம் கொண்டாங்க, நிறுத்தி வைக்கிறேன்.”

காரணம் இல்லை. அவர் போகக் கூடாது என்ற ஆசைதான் தப்பு தப்பு என்று உள்ளே கத்துகிறதோ என்று அவளுக்கே பயம். செனாய்த் அதையும் விடவில்லை. கேள்வியில் குற்றம் இல்லை எத்தியே, கேட்கிறவர் மனசில்தான் என்றாள். அன்று மதியம் ஷிரோக் குழம்பும் இஞ்சேராவும் தின்ற மயக்கத்தில் தாங்குத் மேசையில் தலை வைத்துக் கண் அயர்ந்தாள். கனவில் யித்பாரெக்கின் படகு ஏரி நடுவில் நிற்கிறது. கரையில் பன்னிரண்டு துறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர் ஒவ்வொரு துறையாக வந்து கயிற்றை வீசுகிறார். ஒவ்வொரு துறையிலும் யாரோ ஒருவன், உங்கள் துறை இது இல்லை என்று பணிவாகச் சொல்லி, கயிற்றைத் திருப்பி வீசுகிறான். மூன்றாவது துறையில் நின்றவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டான். படகு அங்கே ஏறி நின்றது, செருப்பு மாறிப் போட்டவன் மாதிரி. விழித்தபோது அவள் கன்னத்தில் விசைகளின் தடம் பதிந்திருந்தது. கனவைச் செனாய்த்திடம் சொன்னாள். கல்யாணத்துக்கு நல்ல சகுனம் என்றாள் அவள்.

சில நாள் கழித்து ஒரு காலை. புதிதாகப் படகில் கயிறு பிடிக்கச் சேர்ந்த ஒருவனின் விவரங்களைச் செனாய்த் ஏற்றிக்கொண்டிருந்தாள். தாங்குத் சர்க்கரைக் கிண்ணத்தை எடுக்க அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். செனாய்த் பிறந்த தேதிக் கட்டத்தில் நாள் நான்கு, மாதம் பதின்மூன்று என்று அடித்தாள். பாகுமே நான்கு. அடுத்த கட்டத்துக்குத் தாவினாள். அவள் தாவிய அந்த நொடியில், பழைய கட்டத்தில் இருந்த இரண்டு எண்களும் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொண்டன, பஸ்ஸில் அறிமுகமில்லாத இரண்டு பேர் எழுந்து சீட்டு மாறி உட்கார்வது போல.

“இன்னொரு தடவை அடி.”

“ஏன் எத்தியே, சரியாத்தான அடிச்சேன்?”

“அடி, சொல்றேன்.”

அடித்தாள். நாள் நான்கு, மாதம் பதின்மூன்று. தாவினாள். நாள் பதின்மூன்று, மாதம் நான்கு. மறுப்பு இல்லை, மணிச்சத்தம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. இயந்திரம் தன் மனசுக்குள், பதின்மூன்றாவது மாதம் ஒன்று உலகத்தில் ஏது, இந்தப் பெண் அவசரத்தில் மாற்றி அடித்திருப்பாள், பாவம், நாமே திருத்திவிடுவோம் என்று நினைத்திருக்க வேண்டும். அவ்வளவு மரியாதையான இயந்திரம்.

தாங்குத் சர்க்கரைக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். இத்தனை காலம் அது மறுத்த தேதிகளை மட்டுமே காவல் காத்திருந்தாள். சரி சரி என்று தலையாட்டி வாங்கிக்கொண்டதை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. பாகுமே முதல் நாள் பிறந்தவரை அது முதல் மாதத்தின் பதின்மூன்றில் குடிவைத்திருக்கிறது. இரண்டாம் நாள்காரரை இரண்டாம் மாதத்தின் பதின்மூன்றில். ஒரே மழையில், அடுத்தடுத்த நாளில் பிறந்த ஒரு மாதத்து மனிதர்களை வருடம் நெடுகச் சிதறடித்து, ஒவ்வொருவர் கழுத்திலும் பதின்மூன்று என்று சீட்டுக் கட்டி நிறுத்தியிருக்கிறது. யித்பாரெக்கின் தேதி மூன்றாம் மாதத்தின் பதின்மூன்று.

ஆனால் அவர் உண்மையிலேயே ஹிதார் பதின்மூன்றில் பிறந்தவராகவும் இருக்கலாமே? உலகத்தில் அப்படியும் மனிதர்கள் பிறக்கிறார்கள். ஆகவே முதல் ஆறு மாதங்களில் பதின்மூன்றாம் தேதிக்காரர்கள் யார் யார் என்று கணினியிடம் கேட்டு, வந்த பெயர்களைத் தேடிக்கொண்டு அவளே துறைக்கு இறங்கினாள். எங்கள் பக்கத்து ஆளிடம் எந்தத் தேதியில் பிறந்தாய் என்று கேட்டால் விழிப்பான். எந்தப் புனிதர் நாளில் பிறந்தாய் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். டிக்கெட் கிழிப்பவர் சொன்னார், காவல்காரர் சொன்னார், துறையில் மீன் வறுத்துக் கொடுக்கும் அம்மாள் கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள். அத்தனையும் பாகுமே. டிக்கெட் கிழிப்பவர் தனக்கு ஏறக்குறைய ஒரு வயது குறைகிறது என்று தெரிந்ததும் அன்று மாலையே தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டார். மறுநாள் படகில் இரண்டு பெண்கள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டார்களாம்.

யித்பாரெக்கை அவள் கடைசியாகத்தான் கேட்டாள். அவர் படகின் முன்பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“காஷே யித்பாரெக், நீங்க யாரோட நாள்ல பொறந்தீங்க?”

அவர் சுருட்டுவதை நிறுத்தினார். ஏரியைப் பார்த்தார். ஏரியிடம் அனுமதி கேட்பது போல ரொம்ப நேரம் பார்த்தார்.

“ருஃபாயெல்” என்றார் கடைசியில்.

ருஃபாயெல் நாள் என்றால் பாகுமே மூன்று. அன்று வானத்தின் கதவு திறந்திருக்கும். பெய்கிற மழை மழை இல்லை, தீர்த்தம். நாங்கள் எல்லோரும் முற்றத்துக்கு ஓடி வந்து நனைவோம், மாவு பிசையவும் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்போம். யித்பாரெக்கின் தாயார் நிறைமாதமாக நனையப் போனவள், போகும்போது ஒருத்தி, திரும்பி வரும்போது இரண்டு பேர் என்று கொர்கொராவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். குழந்தை எது, மழை எது என்று மருத்துவச்சிக்கே கொஞ்ச நேரம் குழப்பமாம்.

தாங்குத் ஆபீஸுக்குத் திரும்பி நடந்தாளா, மிதந்தாளா என்று செனாய்த்துக்கும் எனக்கும் இன்னும் வழக்கு இருக்கிறது. பிறந்த தேதி என்ற ஒரே கட்டத்தை அழித்துவிட்டு மூன்று கட்டங்கள் போட்டாள். வருடத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. எல்லாம் வெறும் எண்கள். இனி எது தேதி, எது தேதி இல்லை என்று இயந்திரம் அபிப்பிராயம் சொல்ல முடியாது. கேள்வியையும் புதிதாக எழுதினாள். முதலில் வருடத்தைப் பார், அது சமமானால் மாதத்தைப் பார், அதுவும் சமமானால் நாளைப் பார். வேலியும் தேவையில்லை, வேலிக்குள்ளே தலைகீழாக நிற்கும் சட்டமும் தேவையில்லை. பதின்மூன்று என்ற எண் பன்னிரண்டுக்குப் பின்னால் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. போகிற போக்கில் தன் முப்பதாம் தேதியையும் மீட்டுக்கொண்டாள். எல்லாப் பெயர்களையும் சரிபார்த்து ஏற்றிவிட்டுக் கேள்வியை ஓட்டினாள். ஹிதாரில் ஓய்வு பெறுவோர்: ஒருவரும் இல்லை. யித்பாரெக் வருடக் கடைசிக்கு, பாகுமேக்குப் போயிருந்தார். நடுவில் ஒரு வறண்ட காலம், ஒரு சின்ன மழை, ஒரு பெரிய மழை எல்லாம் இருந்தன.

மேலாளர் தன் கையால் ஒரு பாகுமே தேதியை அடித்துப் பார்த்தார். அது இடம் மாறாமல் நின்றதைக் கண்டு பல்குச்சியைக் கீழே வைத்தார். அன்றே திருத்தக் கடிதம் தயாரானது. யித்பாரெக் வந்து வாங்கிக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை.

அதற்கு அடுத்த பயணம் முடிந்து வந்தபோது, குறிப்பு ஒன்றும் இல்லை என்றார். தாங்குத்தின் கை விசைகளின் மேலேயே நின்றுவிட்டது. பிற்பகல். ஏரி வெயிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. செனாய்த் காகிதங்களை அடுக்குவது போல அடுக்கினாள். அதே காகிதங்களைத்தான் திரும்பத் திரும்ப அடுக்கினாள். அதனால்தான் பிறகு நடந்த பேச்சு ஒரு சொல் சிந்தாமல் எனக்கு வந்து சேர்ந்தது.

“உங்களுக்கு சந்தோஷம் இல்லையா?” என்று கேட்டாள் தாங்குத்.

“பட்டியல் தப்புன்னு எனக்கு மொதல்லயே தெரியும்.”

“தெரியுமா?”

“எம் பொறந்த நாள் எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வேண்டியதைக் கூழைக்கடாக்களிடம் சொன்னார். தன் கோப்பு, விடுப்பு, ஓய்வு எல்லாம் அவள் மேசையில் இருக்கும்போது அவளைப் பெண் கேட்பது முறையில்லை. ஊர் ஆயிரம் பேசும். ஆகவே வேலையை விட்டு இறங்குகிற நாளுக்காகவே காத்திருந்தார். அந்த நாள் அடுத்த மாதமே என்று கடிதம் வந்ததும் ஆண்டவனே அனுப்பியதாக எடுத்துக்கொண்டார். கொர்கொராவில் மூன்று பெரியவர்களிடம் சொல்லியாகிவிட்டது, ஹிதார் பதின்மூன்று அன்று மெசெலெயின் வீட்டு வாசலில் வந்து நில்லுங்கள் என்று.

“இப்ப நீங்க திருத்திட்டீங்க” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புத்தான் இருந்தது. “பழைய தேதியவே போட்டுடுங்களேன். உங்க கையிலதான இருக்கு.”

இருபது வருடம் அவள் காதில் விழாதா என்று ஏங்கிய பேச்சு அது. ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

“மாட்டேன்” என்றாள். “பொய்த் தேதியில என்னைக் கேக்க வராதீங்க.”

“நெசத் தேதி பாகுமேலதான வருது.”

“அதுவரைக்கும் கேக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா?”

“வேலையில இருந்துகிட்டுக் கேக்க மாட்டேன், தாங்குத்.”

“அப்ப கேக்காதீங்க.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டும் கல். அவள் எண்ணை மாற்ற மாட்டாள், அவர் வேலையில் இருந்தபடி கேட்க மாட்டார். செனாய்த் அன்று ஆபீஸ் விட்டதும் நேராக எங்கள் வளவுக்கு வந்து, அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமெல்லாம் தாங்குத் ஏரியைப் பார்க்காமல் நடந்தாள். ஏரியும் அவளைப் பார்க்காமல் பனிக்குள்ளேயே கிடந்தது.

யித்பாரெக் ஒரு காரியம் செய்திருக்க வேண்டும். கொர்கொராவுக்குப் போகும்போது அந்த மூன்று பெரியவர்களிடம், இப்போது வர வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் போனார், சொல்லவில்லை. அடுத்த வாரமும் போனார்; பெரியவர் ஒருவர் கரையில் நின்று கையசைத்தார், இவரும் கையசைத்தார், அத்தோடு சரி. மறந்தாரா, மறக்க விரும்பினாரா என்பதை அவர் சுக்கானைத்தான் கேட்க வேண்டும்.

ஹிதார் பதின்மூன்று அன்று படகு கொர்கொராவிலிருந்து கிளம்புகிறது. யித்பாரெக் சுக்கானில் நிற்கிறார். பயணிகள் வரிசையில், சோளக்கதிர் மூட்டைகளுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவே, வெளுத்த போர்வை, புதுச் செருப்பு, கையில் தடி என்று மூன்று பெரியவர்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்ததும் அவர் முகம் தண்ணீரின் நிறத்துக்குப் போனது. இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னார். தேதி மாறிவிட்டது, பாகுமேக்குப் பிறகு வாருங்கள், இப்போது திரும்பிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

மூவரில் மூத்தவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “போர்வைய வெளுத்தாச்சுப்பா. செருப்பும் வாங்கியாச்சு. வாசல்ல நிக்காம ஊருக்குத் திரும்பினா என் பெஞ்சாதி உள்ள விடமாட்டா” என்றார்.

“என் மானம் போயிடும்.”

“கேக்கறது நாங்க. நீ படகை ஓட்டு.”

படகோட்டி வேறு என்ன செய்வார்? பயணிகளை ஏற்றினால் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். தன் வாழ்க்கையைக் கேட்கப் போகிறவர்களைத் தானே ஏற்றிக்கொண்டு, விடியலிலிருந்து மதியம்வரை ஏரியின் மேல் வந்தார். அந்தப் படகு அவ்வளவு மெதுவாக வந்ததை நான் கண்டதில்லை. தீவுகள்தான் அதைத் தாண்டிப் போயின.

மெசெலெ வீட்டு வாசலில் மூவரும் வரிசையாக நின்றார்கள். பெண் கேட்டு வருகிற பெரியவர்கள் சம்மதம் கிடைக்கும்வரை உட்காரக் கூடாது. பெண் வீட்டாரும் முதல் தடவையிலேயே சம்மதிக்கக் கூடாது. போய்விட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று முறையாவது நடக்கவிட வேண்டும். அதில்தான் பெண்ணுக்கு மதிப்பு. மெசெலெ முறை தவறாதவன். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டான். பக்கத்துச் சுவர் மேலாக நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வேலையாக.

உள்ளேயிருந்து தாங்குத்தின் குரல் வந்தது.

“அண்ணே, அவங்களுக்கு முக்காலி போடு.”

மெசெலெ திரும்பினான். “எதுக்கு?”

“உக்காரத்தான்.”

“அவங்க இன்னும் பேச்சையே எடுக்கல, தாங்குத்.”

“உக்காந்துகிட்டு எடுக்கட்டும்.”

கோப்பில் தேதி நிஜமாகிவிட்டது; வாசலுக்கு வந்து நிற்கிற தேதியைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூத்தவர் பக்கத்திலிருந்தவரிடம் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். உட்காரச் சொல்கிறாள் என்றார் அவர். இதுவரை ஐம்பது வாசலில் நின்றிருக்கிறேன், முதல் நடையில் யாரும் உட்காரச் சொன்னதில்லையே என்று மூத்தவர் கலவரமானார். மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு, வம்சப் பெருமை, உவமைகள் எல்லாம் வீணாகிறதே என்ற கவலை அவருக்கு. கடைசியில் உட்கார்ந்தார், நெருப்பின் மேல் உட்காருகிறவர் மாதிரி, பாதி பாதியாக. மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். மெசெலெயின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பச்சைக் காப்பிக்கொட்டையை வறுக்கப் போனாள். வீணாக்குவானேன் என்று மூத்தவர் தன் பேச்சு முழுவதையும் சம்மதம் கிடைத்த பிறகு சொல்லி முடித்தார். தாங்குத் கதவோரம் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

காப்பி மூன்று சுற்று. முதல் சுற்றுக்கே ஒரு பொழுது. அதன்பின் இரண்டாவது, மூன்றாவது. மாப்பிள்ளை இந்த மாதிரி சமயத்தில் பக்கத்தில் வரக் கூடாது. யித்பாரெக் துறையில்தான் இருந்தார். பெரியவர்கள் நல்ல சேதியை உடனே கொண்டுபோய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் காப்பி வாசனையில் ஒருவருக்கும் அந்த ஞாபகம் வரவில்லை. அவர் நிலைகொள்ளாமல் வாளியை எடுத்துப் படகின் தளத்தைக் கழுவத் தொடங்கினார். கழுவியதையே திரும்பக் கழுவினார். வெயில் சாய்ந்து ஏரி முழுக்கத் தேன் நிறமாகிற நேரத்தில், தாங்குத் நெத்தெலாவைத் தோளில் போட்டுக்கொண்டு தானே துறைக்கு நடந்து போனாள். அதற்குள் அவர் தேய்த்த தேய்ப்பில் பலகை மெலிந்து, படகு தண்ணீருக்குமேல் ஒரு சாண் உயர்ந்து நின்றது. அவள் ஏறுவதற்கு அவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.